ஒன்பது பேருக்கான டியூட்டி லிஸ்ட்

ஒருவருடைய விண்ணப்பத்தோடு குண்டூசியில் கோத்திருந்த ஒரு தாளைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அந்தத் தாளில் இருந்த யோசனையை என்னுடையது என்று சொல்லி உத்தியோகத்தில் மேலே போனேன். தாள் இல்லாமல் போன விண்ணப்பம் தள்ளுபடி ஆயிற்று. அதை எழுதியவர், சாகக் கிடந்த கணவரை விட்டுவிட்டு மாநிலத்தின் மறுகோடிக்கு மாற்றலாகிப் போனார். நான் செய்தது இதுதான். இதற்கு மேல் எழுதப்போகும் எதுவும் இதைக் குறைக்காது. குறைப்பதற்காக எழுதவும் இல்லை.

அவர் சித்தூர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். நான் அங்கே திட்டப் பிரிவில் பொறியாளர். திருப்பதியில் கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்து, துறைப் பரீட்சை எழுதி உள்ளே வந்தவன். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். நகரிக்கும் புத்தூருக்கும் இடையில், எல்லையோரத்தில் ஒரு தமிழ்க் கிராமம். எங்கள் வீடு ஊருக்குள். அவர்கள் வீடு காலனியில். அவருடைய நைனா, அதாவது அப்பா, எங்கள் நிலத்தில் கூலிக்கு வந்தவர். நாங்கள் ஒரே ஊர் என்பது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும். அலுவலகத்தில் நான் எல்லோரிடமும் தெலுங்குதான் பேசுவேன். தமிழ் பேசினால் என் வாயில் நகரிப் பக்கத்துப் பேச்சு வந்துவிடும், எந்த ஊர் என்று கேட்பார்கள், அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வரும் என்று ஒரு கூச்சம். அவரிடமும் தெலுங்கிலேயே பேசினேன். அவரும் அதைப் புரிந்துகொண்டு தெலுங்கிலேயே "சார்" என்பார். எட்டு வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்து, ஒரு நாள்கூட ஊரில் மழை பெய்ததா என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை.

பகல் வேலைக்கு ஒன்பது ஆபரேட்டர்கள். மூன்று மேசை: ஒன்று டிரங்க் கால், ஒன்று விசாரணை, ஒன்று புகார். மேசைக்கு மூன்று பேர். மதியச் சாப்பாட்டுக்கு யாரும் எழுந்து போக முடியாது. விளக்கு எரிந்தால் எடுத்தாக வேண்டும். அதனால் ஒரு மேசையில் இருக்கும் மூவரும் அங்கேயே டிபன் பாக்ஸைத் திறந்து, குழம்பும் பொரியலும் மாற்றிக்கொண்டு சாப்பிடுவது வழக்கம். ஒரே மேசை என்றால் ஒரே பந்தி. அவரோடு ஒரே மேசையில் உட்கார வேண்டாம் என்று சிலர் சொல்லிக்கொண்டிருந்தது இதனால்தான். அவர் காலனி என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. காது வலி, மின்விசிறிக் காற்று, சுவர் இடிக்கிறது என்று ஆளுக்கொரு காரணம் இருந்தது.

சீனியாரிட்டிப்படி டியூட்டி லிஸ்ட் போடும் பொறுப்பு அவருக்கு வந்ததும் அவர் ஒரு லிஸ்ட் போட்டு ஒட்டினார். நான்கு நாளுக்குப் பன்னிரண்டு வரி. வரிக்கு மூன்று பேர். ஒட்டிய அன்று நான் ஏதோ வேலையாக அந்த அறையில் இருந்தேன். ஆபரேட்டர்களில் மூத்தவர் ஒருவர், கணவர் பெயரையே பட்டம் போல் சொல்லிக்கொள்ளும் அம்மாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

"எனக்கு லெஃப்ட் காதுலதான் ஹெட்செட் நிக்கும். அந்த டேபிள்ல உக்காந்தா செவுரு இடிக்குது. என்னை மாத்திடு."

"சரிக்கா. எந்தக் கெழமை செவுரு நவுந்துக்கும்னு சொல்லு, அன்னிக்குப் போட்டுடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"இவளுக்கும் எனக்கும் மட்டும் மாத்தினா போதும். ஒரு பேரு தானே" என்று பக்கத்தில் நின்ற இன்னோர் ஆபரேட்டரைக் காட்டினார்.

"ஒரு பேர மாத்தினா பன்னெண்டு வரியும் கலைஞ்சிடும்க்கா. இதுல ஒவ்வொருத்தரும் ஒவ்வொருத்தர்கூடவும் நாலு நாள்ல ஒரே ஒரு வாட்டிதான் உக்காருவாங்க. ரெண்டு வாட்டி கெடையாது, இல்லாமப் போறதும் கெடையாது. உன்கூட நானும் ஒரு நாளு தான். பொறுத்துக்கோ. இல்லாட்டி நீயே ஒண்ணு போட்டுக்கினு வா, இத கிழிச்சிட்டு அத ஒட்டறேன்."

அந்த அம்மாள் நிஜமாகவே ஒரு வாரம் பென்சிலோடு உட்கார்ந்து பார்த்தார். எப்படிப் போட்டாலும் யாராவது இருவர் இரண்டு முறை சேர்ந்தார்கள், வேறு இருவர் சேரவே இல்லை. கடைசியில் விட்டுவிட்டார். அவரவர் முறை வந்தபோது உட்கார்ந்தார்கள். சாப்பிட்டார்கள். முதலில் பொரியலை மாற்றிக்கொள்ளாமல் சாப்பிட்டார்கள், பிறகு மாற்றிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த லிஸ்ட் நான் தினமும் கடந்து போகும் சுவரில் வருஷக்கணக்காக ஒட்டியிருந்தது. கணிதம் படித்த நான் ஒரு நாளும் நின்று பார்க்கவில்லை.

பிறகு காலம் மாறியது. தெருவுக்குத் தெரு மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. குவைத்துக்குப் போன மகனோடு பேச டிரங்க் கால் பதிவுசெய்துவிட்டுக் காத்திருந்தவர்கள், பூத்தில் நின்று நேராகப் பேசினார்கள். வெளிநாடுகளும் பெங்களூரும் எங்கள் ஜில்லாவின் பிள்ளைகளை இழுத்துக்கொண்டே இருந்தன. பேச்சு பெருகிக்கொண்டே போயிற்று. ஆனால் அந்தப் பேச்சுக்கு ஆபரேட்டர் வேண்டாம். பேச்சை ஒளியாகக் கொண்டுபோகும் கண்ணாடி இழை வேண்டும். தனியார் கம்பெனிகள் வேறு கண்ணாடி இழையோடு வாசலுக்கே வந்துவிட்டன.

எங்களுக்கு வந்த வேலை, ஒன்பது ஊர்களை ஒரே இழையால் வளையமாகக் கட்டுவது. திருப்பதி, காளஹஸ்தி, சத்தியவேடு, புத்தூர், நகரி, சித்தூர், பலமனேர், புங்கனூர், மதனப்பள்ளி, மறுபடி திருப்பதி. ஓர் இழையில் பல நிற ஒளி போகும். ஒவ்வொரு நிறத்தையும் வளையத்தைச் சுற்றி வரும் ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பஸ்ஸில் மூன்று ஜோடி ஊர்களின் பேச்சுக்குத்தான் இடம். பஸ் நிற்கும் ஊர் ஒவ்வொன்றிலும் அந்த நிறத்துக்கென்று ஒரு பெட்டி வைக்க வேண்டும். நாங்கள் மக்ஸ் என்போம். நிற்காமல் கடந்து போகும் ஊரில் பெட்டி வேண்டாம். ஒன்பது ஊர்களில் முப்பத்தாறு ஜோடி. எல்லா ஜோடிக்கும் நேர் இணைப்பு வேண்டும். பஸ்ஸுக்கு மூன்று ஜோடி என்றால் பன்னிரண்டு பஸ். இவ்வளவும் யாருக்கும் புரியும். எந்த ஜோடியை எந்தப் பஸ்ஸில் ஏற்றுவது என்பதில்தான் சிக்கல். கண்டபடி ஏற்றினால் ஒரு பஸ் ஆறு ஊரில் நிற்கும், ஆறு பெட்டி கேட்கும்.

பெட்டிகள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எங்களுக்கு அனுமதியானது நாற்பது. நான் மாதக்கணக்கில் போட்ட திட்டத்தில் ஐம்பத்திரண்டுக்குக் கீழே இறங்கவில்லை. பக்கத்து ஊரைப் பக்கத்து ஊரோடுதான் சேர்க்க வேண்டும் என்று என் புத்தியில் ஊறிக் கிடந்தது. புத்தூரையும் நகரியையும் பிரித்து யோசிக்க எனக்கு வரவில்லை. திருப்பதியில் இருந்த எங்கள் தலைமை அதிகாரி, நாற்பதுக்குள் முடியாவிட்டால் வேலை வெளிக் கம்பெனிக்குப் போய்விடும், என்னைக் கேபிள் பிரிவுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

அதே சமயத்தில் டிரங்க் மேசையை மூட உத்தரவு வந்தது. ஒன்பது பேரில் பாதிக்கு மேல் உபரி. உபரி என்றால் ஆள் குறைந்த எந்த ஊருக்கும் அனுப்புவார்கள். ஒரு விதிவிலக்கு இருந்தது. ஒன்பது ஊர் வளையத்துக்கான புதுத் திட்டப் பிரிவில் உதவியாளர் வேலை ஒன்று காலி; உபரி ஊழியர்களில் அந்த வேலைக்குத் தனித் திறமை உள்ளவர் சான்றோடு விண்ணப்பித்தால் பரிசீலிக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. விண்ணப்பங்கள் என் வழியாகத்தான் திருப்பதிக்குப் போக வேண்டும்.

அவர் விண்ணப்பத்தை நேரில் கொண்டுவந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. முதல் முறையாகத் தமிழில் பேசினார்.

"சார், எங்க வூட்டுக்காரரு குவைத்துல இருந்து வந்ததுல இருந்து கிட்னி போயிடுச்சு. வாரத்துக்கு ரெண்டு வாட்டி திருப்பதில ரத்தம் சுத்தம் பண்றாங்க. நான்தான் இட்டுக்கினு போறேன். ஸ்ரீகாகுளம் பக்கம் போடப்போறாங்கன்னு சொல்லிக்கினு இருக்காங்க. அங்க போனா இவர யாரு பாக்கறது? இந்த ஒரு போஸ்ட் கெடச்சா சித்தூர்லயே இருந்துப்பேன்."

நான் தெலுங்கில், சரி, அனுப்புகிறேன் என்றேன்.

"தாள் ஒண்ணு வெச்சிருக்கேன் சார். நீங்க கணக்குப் படிச்சவரு. பாருங்க."

அவர் போனபின் பார்த்தேன். சுவரில் இருந்த அதே லிஸ்ட். ஆனால் பின்பக்கத்தில், அது எப்படிப் போடப்பட்டது என்று தெலுங்கில் எழுதியிருந்தார். ஒன்பது பேரை மூன்று வரிசையாக எழுதிக்கொள்ளவும். முதல் நாள் படுக்கை வரிசைகள். இரண்டாம் நாள் நெடுக்கு வரிசைகள். மூன்றாம் நாள் சரிவாக. ஓரம் தாண்டினால் மறு ஓரத்தில் ஏறவும். நான்காம் நாள் எதிர்ச் சரிவு. எந்த இருவரும் ஒரு முறை சேருவார்கள், ஒரு முறைதான் சேருவார்கள். யாரும் யாரையும் தவிர்க்க முடியாது. அதற்குக் கீழே இன்னொரு வரி: பேர்களுக்குப் பதில் ஒன்பது ஊர்களை எழுதினால் லைன்களைப் பிரிப்பதற்கும் இதே கணக்கு பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கடைசி வரியைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சுவரில் இருந்த லிஸ்டைப் பார்த்து வளையத்துக்குப் பொருத்தியது மட்டுமாவது என் மூளை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளக்கூட இடம் வைக்காத வரி அது. ஒவ்வொரு பஸ்ஸும் மூன்றே ஊரில் நிற்கும். மூன்று ஊருக்குள் மூன்று ஜோடி. பன்னிரண்டு பஸ்ஸுக்கு முப்பத்தாறு பெட்டி. மூன்று ஜோடிக்கு மூன்று ஊர்களுக்குக் குறைவாக ஆகாது என்பதால் அதற்கும் கீழே யாராலும் போக முடியாது. திருப்பதியும் நகரியும் மதனப்பள்ளியும் ஒரே பஸ்ஸில்.

வீட்டில் ஒரு முறை சரிபார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் முதலில் தாளைக் கழற்றினேன். இதை நான் நம்பினேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. அன்று மாலைத் தபாலில் விண்ணப்பங்கள் போயாக வேண்டும். அவருடைய விண்ணப்பத்தின் அடியில் 'இணைப்பு: ஒன்று' என்று எழுதியிருந்தது. இணைப்பு இல்லாமல் அந்த வரி இருந்தால் கேள்வி வரும். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். அடித்தல் திருத்தலுக்கு அதிகாரி சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது விதி. ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டேன்.

அடுத்த வாரம் திருப்பதியில் கூட்டம். நான் பன்னிரண்டு வரிகளையும் பலகையில் எழுதிக் காட்டினேன். தலைமை அதிகாரி ஒவ்வொரு ஜோடியாக விரல் வைத்துச் சரிபார்த்தார். பிறகு மேசையைத் தட்டினார்.

"பாகுந்தய்யா! இதி எவரு சேசாரு?"

நன்றாக இருக்கிறதே, யார் செய்தது என்றார்.

"நேனே, சார்" என்றேன். நான்தான்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டு தெலுங்கிலேயே சொன்னார்: "அந்த உதவியாளர் போஸ்டுக்கு வந்த விண்ணப்பத்தில் ஒன்றும் தேறவில்லை. உன் ஆட்களில் இந்த மாதிரி தலை உள்ளவர் யாராவது இருந்தால் பேர் சொல். இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன்."

டியூட்டி லிஸ்ட் போட்டவரின் விண்ணப்பம் அந்தக் கட்டடத்திலேயே ஏதோ ஒரு மேசையில் இருந்தது. பெயரைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும். சொன்னால் அவரை வரவழைப்பார்கள். வந்தால் லிஸ்டைப் பற்றிக் கேட்பார்கள். நான், "யாரும் இல்லை சார்" என்றேன்.

போதிய சான்று இல்லை என்று அவருக்குப் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"அந்தத் தாள பாத்தாங்களா சார்?"

"பார்த்தார்கள்" என்றேன். "டியூட்டி லிஸ்ட்டுதானே என்று சொல்லிவிட்டார்கள்."

பதில் கடிதத்தை நாலாக மடித்தார். பிறகு சிரித்தார். "ஆமா சார். டியூட்டி லிஸ்ட்டு தானே."

பத்து நாளில் ஸ்ரீகாகுளம் போனார். அந்தத் தாளை அதற்கப்புறம் சில மாதம் வைத்திருந்தேன். பெங்களூர்க் கம்பெனி ஒன்று என்னைக் கூப்பிட்டபோது, சித்தூர் வீட்டைக் காலி செய்யும் மும்முரத்தில் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். கிழித்தபோது நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு எனக்கு நடந்ததெல்லாம் நல்லதுதான். அந்த முறையை விரித்து, பதின்மூன்று ஊர், பதினைந்து ஊர் என்று எழுதிய கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தது. கட்டுரை என்னை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு நூலகத்தில், ஒன்பது பொருளை மூன்று மூன்றாகப் பிரிக்கும் இந்த அமைப்பு கணிதத்தில் நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த ஒன்று என்று படித்தேன். என் எம்.எஸ்ஸி.யில் அந்தப் பாடம் இல்லை. அதைப் படித்த நாளில் எனக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. இது யாருடைய சொத்தும் இல்லை, ஊர்ப் பொதுக் கிணற்றில் ஒரு குடம் எடுத்தேன், அவ்வளவுதான் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பொதுக் கிணற்றில் அவர் வீட்டார் குடம் இறக்க முடிந்ததில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல.

வயதான பிறகு திருப்பதிக்கே திரும்பி வந்தேன். ஒரு கார்த்திகை மாதம் சித்தூரில் ஒரு வங்கிக்கு, என் அக்காவுக்குத் துணையாகப் போயிருந்தேன். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதைக் காட்டிக் கையெழுத்துப் போடும் வரிசை. அதில் அவர் இருந்தார். என்னை அவர்தான் முதலில் கண்டுகொண்டார்.

"சார்! நல்லா இருக்கீங்களா? இன்னா இப்டி இளச்சிட்டீங்க?"

கணவரைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அவரு அப்பவே போயிட்டாரு சார். நான் அங்க போன மறுவருசம். தங்கச்சி வூட்ல வுட்டுட்டுப் போயிருந்தேன். ஒரு வாரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போக ஆள் இல்ல. தந்தி வந்து, ரெண்டு ரயில் மாறி நான் வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க." அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒன்றும் இல்லை. ஆறிப் போன விஷயத்தைச் சொல்லும் குரல். "நம்ம கையில இன்னா இருக்குது சார்."

அன்று நான் பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் அந்தக் குரல் என்னை விடவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று முதலில் அந்த வெளிநாட்டு இதழுக்கு எழுதினேன். கட்டுரையின் மூல யோசனை என்னுடையதல்ல, இன்னாருடையது, திருத்தம் போடுங்கள் என்று. அமைப்பு பழையது, உங்கள் கட்டுரையின் புதுமை அதைப் பயன்படுத்தியதில்தான், எனவே திருத்தம் தேவையில்லை என்று மரியாதையான பதில் வந்தது. பயன்படுத்தியதும் அவர்தான் என்று மறுபடி எழுதினேன். அப்படியானால் அவர் எழுதிய மூல ஆவணத்தின் படியை அனுப்புங்கள் என்றார்கள். அதை நான்தான் கிழித்துப் போட்டிருந்தேன். துறை அலுவலகத்துக்குப் போனேன். அந்தக் காலத்து விண்ணப்பக் கோப்புகளை விதிப்படி அழித்துவிட்டார்கள். அங்கே இருந்த இளம் அதிகாரி, "அந்த வளையமே இப்ப இல்ல சார், பெட்டியெல்லாம் பழைய இரும்புக்குப் போயாச்சு" என்றார். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னார்.

மிச்சம் இருந்தது அவரிடம் சொல்வது ஒன்றுதான். நடந்ததையெல்லாம் நான்கு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். காலனியின் முதல் வீடு அவருடையது. ரோட்டில் இருந்து ஊருக்குள் போக அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அவரும், பள்ளிக்கூட வேலையில் இருக்கும் மகளும் அங்கே இருந்தார்கள். மகள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எங்கள் வீட்டு ஆள் ஒருவர் அந்த வீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"இன்னா சார் இது, நாலு பக்கம்?"

"படிங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"பாத்தாங்கன்னு சொன்னீங்களே."

"பாக்கல. நான் அனுப்பவே இல்ல."

"அப்ப டியூட்டி லிஸ்ட்டுதானேன்னு சொன்னது?"

"நான்தான் சொன்னேன். அவங்க யாரும் சொல்லல."

அவர் காகிதத்தை மடிமீது வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். கோபம் வந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் போயிருந்தேன்.

"பாத்திருந்தா?" என்றார்.

அந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்க வேண்டும். பார்த்திருந்தாலும் கிடைத்திருக்காது அம்மா என்று ஒரு வரி. ஆயுசில் எத்தனையோ பொய் சொன்னவன், அந்த ஒரு பொய்யைச் சொல்லாமல் விட்டேன். உண்மை சொல்லத்தானே வந்தோம் என்று நினைத்து, தலைமை அதிகாரி தோளில் கைபோட்டுக் கேட்டதையும், நான் யாரும் இல்லை என்றதையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் காகிதத்தின் மேல் வைத்தார்.

"இத்தினி வருசமா நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா சார்?" என்றார். "நாம போட்டது அவ்ளோ பெருசு இல்ல. நாமதான் பெருசா நெனச்சிக்கினோம். அவங்க பாத்தாங்க, வேணாம்னாங்க, போனோம். அவரு போனது அவரு விதி. அப்டி ஒரு மாதிரி அடங்கிக் கெடந்துச்சு. இப்ப நீங்க வந்து, இல்ல, உன் புருசன் பக்கத்துலயே நீ இருந்திருப்பேன்னு சொல்றீங்க. இத எடுத்துக்கினு நான் இன்னா பண்றது?"

மகள் கதவருகே நின்றிருந்தாள். அவள் தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ ஒழுங்கா எழுதிக் குடுக்கலன்னுதானேம்மா நான் ஒன்ன குத்தம் சொல்லிக்கினே இருந்தேன்," என்றாள். "நைனா செத்ததுல இருந்து சொல்லிக்கினு இருந்தேன்." உள்ளே போய்விட்டாள்.

நான் எழுந்து, மன்னித்துவிடுங்கள் என்றேன். கையைக்கூடக் கூப்பினேன்.

"போங்க சார்," என்றார். "வெயில் ஏறிக்கினு இருக்குது."

மூன்று மாதம் கழித்து மகள் போன் செய்தாள். அந்த நாலு பக்கத்தைத் தாயின் கண்ணில் படாமல் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். அம்மா பழைய டைரி ஒன்றை எடுத்து, நைனாவை எந்தெந்த நாள் திருப்பதிக்குக் கூட்டிப் போயிருக்கலாம் என்று தேதிகளை எழுதிக்கொண்டே இருக்கிறார். கேட்டால் பதில் சொல்வதில்லை. டாக்டரிடம் காட்டியாயிற்று.

"நான் ஏதாவது செய்யட்டுமாம்மா? வந்து ஒரு தடவை பார்க்கட்டுமா?"

"வேணாம். நீங்க வர்றதுக்கு முன்னாடி நல்லா இருந்தாங்க," என்றாள்.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. ஊரில் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்த முதல் வீட்டைத் தாண்டாமல் அங்கே போக வழி இல்லை.